மலையேற்றத்திற்கு வாக்கி டாக்கி: பார்த்து வாங்குவதும் பேசிப் பழகுவதும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி நடந்து பழகியவர்களுக்கு, கைப்பேசி அங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது தெரியும். ஒரு மேட்டில் சிக்னல் ஒற்றைக் கோடாக வரும். அடுத்த பள்ளத்தில் இறங்கியவுடன் அதுவும் மறைந்துவிடும். இருபது பேர் ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது முன்னால் செல்பவருக்கும் கடைசியில் வருபவருக்கும் இடையே அரை கிலோமீட்டர் விழுந்துவிடுவது மிக இயல்பு. கடைசியில் வருபவருக்குக் கால் பிசகினால், முன்னால் போனவர்களுக்கு அது தெரியவர அரை மணி நேரம் ஆகலாம். அந்த இடைவெளியை இணைப்பதற்கு வாக்கி டாக்கியைப் போல எளிய, செலவு குறைந்த கருவி வேறில்லை. ஆனால் அது செய்யும் வேலை அவ்வளவுதான் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கொண்டு ஊரில் இருப்பவரையோ ஆம்புலன்ஸையோ அழைக்க முடியாது. 108, 112 ஆகிய எண்களுக்குக் கைப்பேசியே வேண்டும். ஆகவே வழியில் எந்த மேட்டில் சிக்னல் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொண்டே செல்லுங்கள்.

முதல் படி: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் விலையையும் வாட்டையும் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நான் அதிர்வெண்ணிலிருந்து தொடங்கச் சொல்வேன். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பது 1933ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே குற்றம். விதிவிலக்காகச் சில அலைவரிசைகள் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. அவற்றுள் நமக்குப் பயன்படுவது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பகுதி. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, இதற்குள் மட்டும் இயங்கும் குறைந்த ஆற்றல் கருவியைப் பயன்படுத்துபவர் தனியாக உரிமம் பெறத் தேவையில்லை. ஐரோப்பாவில் பி.எம்.ஆர். 446 என்று அழைக்கப்படுவதும் இதே பகுதிதான். பெட்டியின் மேல் அப்பெயரையே அச்சிட்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் விற்கப்படும் குடும்ப உபயோக செட்டுகள் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் பேசுபவை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்போடு வாங்கி வந்து கொடுத்தாலும் அவற்றை இங்கே இயக்கக் கூடாது. இணையக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், 136 முதல் 174 வரையும் 400க்கு மேலும் எந்த அதிர்வெண்ணை வேண்டுமானாலும் தட்டி வைத்துக்கொள்ளக்கூடிய ஐந்து வாட் செட்டுகளும் அப்படித்தான். காவல்துறை, வனத்துறை, ரயில்வே போன்றவற்றின் பேச்சுகள் அந்தப் பரப்புகளில் நடக்கின்றன. தெரியாமல் அழுத்தும் ஒரு பொத்தான் வேறொருவரின் அவசரச் செய்தியை மறைத்துவிடக்கூடும். எனக்குத் தெரிந்த ஒரு நடைக்குழு, "உரிமம் தேவையில்லை" என்று கடைக்காரர் சொன்ன வாய்மொழியை நம்பி நான்கு செட் வாங்கியது. வீட்டுக்கு வந்து கையேட்டைப் பிரித்த பிறகே அவை முழுப் பரப்பிலும் பேசும் வகை என்பது தெரிந்தது. அவற்றைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

எனவே வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த செட் 446.0 முதல் 446.2 வரை மட்டும்தான் பேசுமா? இதற்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதல், அதாவது இ.டி.ஏ. சான்றிதழ், இருக்கிறதா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, வாக்கி டாக்கி விற்கும் இணையத்தளங்கள் அதிர்வெண், உரிமத் தேவை, ஒப்புதல் ஆகிய விவரங்களைத் தெளிவாகக் காட்ட வேண்டும். அவை இல்லாத பக்கத்தில் வாங்காதீர்கள்.

அதிக ஆற்றலோடு பேசும் ஆர்வம் இருப்பவர்கள் அமெச்சூர் ரேடியோ தேர்வை எழுதலாம். 12 வயது நிறைந்தவர்களும் எழுதலாம். தேறியவர்களுக்கு அழைப்புக்குறி வழங்கப்படும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி உள்ளிட்ட பல அலைவரிசைகள் திறக்கும். ஆனால் குழுவில் பேசும் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமம் இருக்க வேண்டும் என்பதால், குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போய்வர அது பொருந்தாது.

எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி

பெட்டியில் எட்டு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அது முழுப் பொய்யும் அன்று. பூமி உருண்டை என்பதால், முகத்தின் உயரத்தில், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில், செட்டைப் பிடித்து நிற்கும் ஒருவருக்கு ரேடியோ தொடுவானம் (அலை நேரே எட்டும் எல்லை) சுமார் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. எதிரே இருப்பவருக்கும் அதே ஐந்து. இரண்டையும் கூட்டினால் பத்து கிலோமீட்டர். ஆனால் இடையில் ஒரு மரமோ வீடோ மேடோ இல்லாத வெட்டவெளியில்தான் இந்தக் கணக்கு செல்லும். அப்படி ஒரு இடம் வட ஆற்காட்டில் எங்கே இருக்கிறது?

அதே கணக்கை மலைமேல் ஏற்றிப் பாருங்கள். நூறு மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு ரேடியோ தொடுவானம் சுமார் நாற்பது கிலோமீட்டருக்குத் தள்ளிப் போய்விடும். செட் மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. நிற்கும் இடம் மட்டும்தான் மாறியது. சோளிங்கரில் இதைக் கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம். நரசிம்மர் இருக்கும் பெரிய மலையும் ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு உச்சிகளிலும் நிற்பவர்கள் அரை வாட் செட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசலாம். அதே பெரிய மலையின் பின்புற அடிவாரத்தில் நிற்பவர், உச்சியில் இருப்பவருக்கு மிக அருகில் இருந்தும், நடுவில் கிடக்கும் பாறையால் ஒரு சொல்லும் கேட்காமல் தவிப்பார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதுதான் நடக்கிறது. இரண்டு வண்டிகள் அடுத்தடுத்த வளைவுகளில் இருந்தாலும் நடுவில் மலைச்சரிவு வந்துவிட்டால் இரைச்சல் மட்டுமே கேட்கும்.

வாட்டைக் கூட்டினால் தீராதா என்று பலரும் கேட்கிறார்கள். தடையே இல்லாத வெளியில்கூடத் தூரத்தை இரட்டிப்பாக்க ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். அரை வாட்டிலிருந்து ஐந்து வாட்டுக்குப் போனாலும் கிடைப்பது மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான். நடுவில் மலை நின்றால் அதுவும் கிடைக்காது. நான்கு அடி மேலே ஏறி, பாறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்திற்கு நகர்ந்து நிற்பவர், சட்டத்தை மீறி ஐந்து வாட் செட் வாங்கியவரைவிடத் தெளிவாகப் பேசுவார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் விளம்பரத் தூரத்திற்காகக் கூடுதல் பணம் கொடுக்க மாட்டீர்கள். வீடுகள் நெருங்கிய தெருவில் சில நூறு மீட்டர், அடர்ந்த மரங்களுக்கு நடுவே அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல், திறந்தவெளியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்று எதிர்பார்த்து வாங்குங்கள். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம்.

கடையில் பார்க்க வேண்டியவை

இரண்டு செட் கொண்ட ஜோடி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்துப் பேர் வரையிலான குழுவுக்கு மூன்று செட் போதும்: முன்னால் செல்பவரிடம் ஒன்று, கடைசி ஆளிடம் ஒன்று, நடுவில் ஒன்று. ஆளுக்கு ஒன்று கொடுத்தால் எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், வேண்டிய நேரத்தில் யாருக்கும் இடம் கிடைக்காது.

பேட்டரியைப் பற்றிச் சற்று நேரம் செலவிட்டு யோசியுங்கள், ஏனெனில் மலையில் கருவி கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான். லித்தியம் பேட்டரி உள்ள செட் எடை குறைந்தது, சார்ஜ் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் தீர்ந்துவிட்டால் பவர் பேங்க் இல்லாமல் வழியில்லை. சாதாரண பென்சில் பேட்டரி போடும் செட்டுக்கு மலையடிவாரப் பெட்டிக்கடையிலேயே மாற்று கிடைக்கும். மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகையும் சாதாரண அல்கலைன் வகையும் இரண்டும் பொருந்தும் செட் கிடைத்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். "இருபது மணி நேரம் உழைக்கும்" என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் நூற்றில் ஐந்து பங்கு நேரம் பேசி, ஐந்து பங்கு கேட்டு, மீதித் தொண்ணூறு பங்கு சும்மா இருக்கும் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். பேசும்போதுதான் பேட்டரி அதிகம் கரைகிறது.

மழையும் தூசியும் தாங்கும் திறனை ஐ.பி. என்ற குறியீடு சொல்லும். ஐ.பி. 54 என்றால் தூசியையும் தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. பீமன்மடுவு, ஜலகாம்பாறை போன்ற அருவிப் பக்கம் போகிறவர்கள் இரண்டாவதைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு முதலாவதும் ஒரு பாலித்தீன் பையும் போதும். பொத்தான்களைப் பூட்டும் வசதி அவசியம். இல்லையென்றால் பையில் உரசிச் சேனல் தானாக மாறிவிடும், நீங்கள் அறியவே மாட்டீர்கள். வாய் திறந்தாலே தானாகப் பேசத் தொடங்கும் வி.ஓ.எக்ஸ். வசதி காற்றடிக்கும் மலையில் தொல்லை. அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டாம்.

சேனலும் துணை எண்ணும்

446.0 முதல் 446.2 வரையிலான பகுதியில் 16 சேனல்கள் உள்ளன. பழைய செட்டுகளில் முதல் எட்டு மட்டும் இருக்கும். குழுவில் பல நிறுவனங்களின் செட்டுகள் கலந்திருந்தால் ஒன்று முதல் எட்டுக்குள் ஒரு சேனலைத் தேர்ந்தெடுங்கள்.

சேனலுக்குப் பக்கத்தில் காட்டும் சிறிய எண்ணை விற்பவர்கள் "ரகசியக் குறியீடு" என்று சொல்கிறார்கள். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. நீங்கள் பேசும்போது, 67 ஹெர்ட்ஸ் போன்ற, செட் வடிகட்டிவிடுவதால் காதில் விழாத தாழ்ந்த ஒலி ஒன்று கூடவே செல்கிறது. அதே ஒலியோடு வரும் பேச்சுக்கு மட்டும் உங்கள் செட் வாய் திறக்கிறது. மற்றவர்களின் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கப்படுகிறதே தவிர, உங்கள் பேச்சை யாரும் கேட்கலாம். பௌர்ணமி இரவில் பர்வதமலையிலோ திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலோ பல குழுக்கள் நடக்கும்போது இந்த எண் உண்மையில் உதவும். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஐந்தாம் எண் மற்றொன்றின் ஐந்தாம் எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. கையேட்டில் ஹெர்ட்ஸ் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். புதியவர்களுக்கு என் பரிந்துரை, முதல் சில பயணங்களில் இந்த எண்ணைச் சுழியத்தில் வைத்துவிடுவதே. "கேட்கவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதனால் தீர்ந்துவிடும்.

பேசும் முறை

வாக்கி டாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை உங்களுக்கு எதுவும் கேட்காது. செட்டை முகத்திற்கு நேரே, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஆன்டெனா வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடியுங்கள். ஆன்டெனாவைக் கையால் பற்றாதீர்கள். இடுப்பில் செருகியபடி பேசினால் உங்கள் உடலே அலையை விழுங்கிவிடும். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர். பாறைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் நின்றால் சத்தம் விட்டுவிட்டு வரும். அப்போது ஓரடி தள்ளி நின்றாலே தெளிவாகிவிடுவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகு பேசுங்கள்; பேசி முடித்து, ஒரு நொடி பொறுத்து, பிறகு விடுங்கள். இந்த இரண்டாவது நொடி தமிழ் பேசுகிறவர்களுக்கு மிக முக்கியம். நம் மொழியில் வினைச்சொல்லின் கடைசியில்தான் ஆமும் இல்லையும் இருக்கின்றன. "ஏற வேண்டும்" என்பதற்கும் "ஏற வேண்டாம்" என்பதற்கும் கடைசி அசையில்தான் வேறுபாடு. பேச்சு வழக்கில் நிலைமை இன்னும் மோசம்: "கிளம்பலாம்" என்பதன் வால் அறுந்தால் "கிளம்பல" என்று எதிர்ப்பொருளாகிவிடும். பர்வதமலையில் ஒரு விடியற்காலையில் எங்களுக்கு இது நேர்ந்தது. பாறையில் கடப்பாரைகளை ஊன்றி அமைத்த கடப்பாரைப் படிக்குக் கீழே நின்ற கடைசி ஆள், மேலே இடம் காலியாகிவிட்டதா என்று கேட்டார். மேலிருந்து வந்த "கிளம்பலாம்" அவருக்குக் "கிளம்பல" என்று கேட்டது. அவருடன் இருந்த ஆறு பேரும் குளிரில் நாற்பது நிமிடம் நின்றார்கள். அன்று நேர்ந்தது வீண் காத்திருப்பு மட்டுமே. பொருள் எதிர்ப்பக்கம் மாறியிருந்தால் நெரிசலில் ஏறியிருப்பார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் கட்டளைகளுக்கு வால் முக்கியமில்லாத சொற்களை மட்டுமே வைத்திருக்கிறோம். "நில்", "வா", "இறங்கு", "உதவி" ஆகிய நான்கே. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வோம். மரியாதைக்காக "நில்லுங்கள்" என்று நீட்டினாலும் முதல் அசை மாறுவதில்லை என்பதால் பெரியவர்களிடமும் தயங்காமல் சொல்லலாம். கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத செய்தி போய்ச் சேராத செய்தி. எண்களைச் சொல்லும்போது "ஒன்பது", "எண்பது" போன்றவை இரைச்சலில் ஒன்றுபோல ஒலிக்கும். ஆகவே எண்பதை "எட்டு, சுழியம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

அழைக்கும்போது முதலில் கேட்பவர் பெயர், பிறகு உங்கள் பெயர். ஆட்பெயரைவிட வேலைப் பெயர் நல்லது.

"முன்னணி, முன்னணி, நான் கடைசி. ஓவர்."

"கடைசி, நான் முன்னணி. சொல்லுங்க. ஓவர்."

"ஒருத்தருக்குக் கால் பிசகிடுச்சு. நில், நில். ஓவர்."

"நில், நில். நின்னுட்டோம். ஓவர்."

"ஓவர்" என்ற சொல் படத்தில் வரும் அலங்காரம் என்று சிலர் தவிர்க்கிறார்கள். என் பேச்சு முடிந்தது, இனி உங்கள் முறை என்று அது அறிவிக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லும் நேரத்தில் வினைச்சொல்லின் வாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

புறப்படும் முன்பும் வழியிலும்

வாங்கியவுடன் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வேலூர்க்காரர்களுக்குப் பாலாற்றைவிடச் சிறந்த சோதனைக் களம் கிடையாது. தண்ணீர் இல்லாத மாதங்களில் ஒருவர் கரையில் நிற்க, மற்றவர் மணலில் நடந்துகொண்டே ஒவ்வொரு இருநூறு அடிக்கும் ஒருமுறை பேசிப் பாருங்கள். அடுத்த நாள் அதையே உங்கள் தெருவில் செய்யுங்கள். இரண்டு தூரங்களையும் செட்டின் பின்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டால், பெட்டியில் அச்சிட்ட தூரத்தை நீங்களே மறந்துவிடுவீர்கள். கோட்டைப் பக்கம் மட்டும் சோதனை வேண்டாம். உள்ளே காவலர் பயிற்சிப் பள்ளி உள்ளிட்ட இடங்கள் இருப்பதால், கையில் வாக்கி டாக்கியோடு நடப்பவரைக் கேள்வி கேட்பது அவர்கள் கடமை.

காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். செட் வைத்திருப்பது அதற்கு மாற்றாகாது. வழிகாட்டியாக வருபவரிடம் செட்டைக் காட்டி, எங்கே சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் காதில் மாட்டும் இயர்போனைப் பயன்படுத்துவது எல்லோருக்கும் நல்லது.

தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை அடிவாரத்திலேயே பேசி முடியுங்கள். எங்கள் ஏற்பாடு இது: ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் எல்லா செட்டுகளும் திறந்திருக்கும், முன்னணி அழைக்கும், மற்ற இருவரும் பதில் சொல்வார்கள். பதில் வரவில்லையென்றால் அருகில் உள்ள மேட்டில் ஏறி மீண்டும் அழைக்க வேண்டும். முன்னணிக்கும் கடைசிக்கும் நேரே கேட்கவில்லையென்றால் நடுவில் இருப்பவர் செய்தியைச் சொல் மாறாமல் வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து பதில் இல்லையென்றால், முன்னே போனவர்கள் கடைசியாக எல்லோரும் கூடிய இடத்திற்குத் திரும்பி அங்கேயே காத்திருப்பார்கள். இடி இறங்கும் நேரத்தில் மட்டும் சிக்னலுக்காக உச்சியில் நிற்கக் கூடாது. தொடர்பு போனாலும் போகட்டும், இறங்கிவிடுங்கள்.

மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அடைத்த காருக்குள் வெப்பம் அதைவிட அதிகம் என்பதால், லித்தியம் பேட்டரியுள்ள செட்டை வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள். மார்கழி, தை இரவுகளில் ஏலகிரியிலும் காவலூர்ப் பக்கமும் குளிர் பேட்டரி உழைக்கும் நேரத்தைக் குறைக்கும். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்திற்கு மாதக் கணக்கில் இடைவெளி இருந்தால் பென்சில் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கசிந்து தகடுகள் பச்சை பிடித்துவிடும். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் நிழலான அலமாரியில் வையுங்கள். மீண்டும் புறப்படுவதற்கு முந்தைய நாள் முழுவதும் ஏற்றி, சேனலைச் சரிபார்த்து, பொத்தானைப் பூட்டி, பக்கத்து அறையில் ஒருவரை நிறுத்தி ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.